ஆயுள் முழுவதுமான மனித வளர்ச்சி: சமூகப் பணியாளர்களுக்கான ஓர் இணையவழிப் பாடநெறியின் மதிப்பாய்வு

கருவில் தொடங்கி இறப்பு வரையிலான மனித வளர்ச்சியைச் சமூகப் பணியாளர்களுக்கென்றே கற்பிப்பதாகச் சொல்லும் இணையவழிப் பாடநெறிகள் இப்போது பல கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்றை முழுமையாகப் படித்து, ஒப்படைப்புகளை எழுதி, இறுதி மதிப்பீட்டையும் முடித்த பிறகு இந்த மதிப்பாய்வை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. இத்தகைய பாடங்கள் பெரும்பாலும் ஒரே கோட்பாடுகளைத்தான் சுற்றி வருகின்றன என்பதால், எந்த நிறுவனம் என்பதைக் காட்டிலும் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்பதே வாசகருக்குப் பயன்படும். பாடம் பன்னிரண்டு அலகுகளைக் கொண்டது. ஒவ்வோர் அலகிலும் காணொளி விரிவுரைகள், வாசிப்புப் பகுதி, சிறு வினாடி வினா, பயிற்றுநர் திருத்தித் தரும் ஓர் ஒப்படைப்பு ஆகியவை உள்ளன.

நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றே. சமூகப் பணியாளருக்கு வளர்ச்சி உளவியல் தேவைப்படுவது தேர்வில் பருவங்களின் பெயர்களை ஒப்பிப்பதற்காக அன்று. ஒரு குழந்தையையோ, வளரிளம் பருவத்தினரையோ, முதியவரையோ சந்தித்துவிட்டு வந்து எழுதும் மதிப்பீட்டு அறிக்கையில் சரியான கேள்விகள் இடம்பெற வேண்டும் என்பதற்காக. இந்தப் பாடத்தை முடித்தவர் எழுதும் அடுத்த அறிக்கையில், முன்பு கேட்காத ஒரு கேள்வியாவது புதிதாக வந்திருக்கிறதா? அந்தக் கணக்கில் பார்த்தால், முதல் நான்கு அலகுகளில் பெரும்பகுதி தேறவில்லை. ஐந்தாவதிலிருந்து ஒன்பதாவது வரையுள்ளவை கொடுத்த பணத்துக்கும் நேரத்துக்கும் மேலாகவே தருகின்றன. எஞ்சியவை ஏற்ற இறக்கமாக இருக்கின்றன.

தொடக்க அலகுகளின் குறை, பருவக் கோட்பாடுகளை அட்டவணையாகச் சுருக்கிவிடுவதுதான். எரிக் எரிக்சன் 1950இல் முன்வைத்த எட்டு உளச்சமூகப் பருவங்களும், ஜீன் பியாஜே விளக்கிய நான்கு அறிதிறன் பருவங்களும் வயது, பருவம், முரண், விளைவு என்ற கட்டங்களுக்குள் அடைக்கப்படுகின்றன. வினாடி வினாவும் அந்தக் கட்டங்களைப் பொருத்தச் சொல்வதோடு நின்றுவிடுகிறது. எரிக்சனின் பருவங்கள் ஒன்றில் தேறினால்தான் அடுத்ததற்குப் போகலாம் என்ற தேர்வு வரிசை அல்ல. நம்பிக்கைக்கும் அவநம்பிக்கைக்கும் இடையிலான இழுபறி நாற்பது வயதிலும் வேறு வடிவில் திரும்பி வரும் என்பதே அவரது சிந்தனையின் சாரம். அவருடைய மனைவியும் உடன் உழைத்தவருமான ஜோன் எரிக்சன், 1997இல் வெளிவந்த விரிவாக்கப் பதிப்பில் மிக முதிய வயதுக்கென ஒன்பதாவது பருவத்தைச் சேர்த்தபோது, முந்தைய முரண்கள் அனைத்தும் அந்த வயதில் மீண்டும் தலைதூக்குவதை விவரித்தார். முதியோருடன் பணியாற்றுபவருக்கு எட்டுப் பருவ அட்டவணையை விட அந்த ஒரு சேர்க்கை பன்மடங்கு பயன்படும். பாடத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஒழுக்க வளர்ச்சி பற்றிய பகுதி இதற்கு விதிவிலக்கு. லாரன்ஸ் கோல்பெர்க் தம் கோட்பாட்டைச் சிறுவர்களை மட்டுமே ஆராய்ந்து கட்டியதையும், 1982இல் கரோல் கில்லிகன் அதைக் கேள்விக்குள்ளாக்கி, அக்கறையும் பொறுப்பும் சார்ந்த ஒழுக்கச் சிந்தனையை முன்வைத்ததையும் விரிவுரையாளர் நிதானமாக விளக்குகிறார். ஒரு கோட்பாடு யாரைப் பார்த்து உருவானது என்று கேட்கும் பழக்கம் அங்கே விதைக்கப்படுகிறது. அதே கேள்வியைப் பியாஜே, எரிக்சன் அலகுகளிலும் கேட்டிருந்தால் பாடத்தின் முதற்பாதி வேறு தரத்தில் அமைந்திருக்கும்.

உடல் வளர்ச்சி பற்றிய அலகில் ஒரு நல்ல முடிவை எடுத்திருக்கிறார்கள். வளர்ச்சி மைல்கற்களைத் தனித்த வயதுகளாகச் சொல்லாமல், வீச்சுகளாகச் சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பல நாட்டு ஆய்வின்படி, நலமான குழந்தைகள் தனியே நடக்கத் தொடங்கும் வயது 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை விரிகிறது. பிடிமானமின்றி உட்காரும் வயது 3.8 முதல் 9.2 மாதம் வரை. ஒரு குழந்தை புறக்கணிக்கப்படுகிறதா என்று விசாரிக்கப் போகும் பணியாளர், பதினான்கு மாதமாகியும் குழந்தை நடக்கவில்லை என்பதை மட்டும் சான்றாக எழுதிவிட்டு வரக்கூடாது என்பதை இந்த எண்கள் உணர்த்துகின்றன. அதே சமயம், பல துறைகளில் ஒருசேரத் தாமதம் இருந்தாலோ, ஏற்கெனவே பெற்ற திறனைக் குழந்தை இழந்தாலோ, காத்திருக்காமல் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பதும் தெளிவாகச் சொல்லப்படுகிறது. இவ்வளவு சுருக்கமாகவும் பயன்படும்படியாகவும் இந்த விஷயத்தைச் சொன்ன பாடங்கள் குறைவு.

ஐந்தாவது அலகு, குழந்தைக்கும் அதை வளர்ப்பவருக்கும் இடையே உருவாகும் பிணைப்பைப் பற்றியது. வீடற்ற குழந்தைகளைப் பற்றி ஜான் போல்பி 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கையிலிருந்து தொடங்கி, தாய் அல்லது வளர்ப்பவரிடமிருந்து சற்று நேரம் பிரிந்து மீண்டும் சேரும்போது குழந்தை நடந்துகொள்ளும் விதத்தைக் கவனித்து மேரி எய்ன்ஸ்வர்த் வகுத்த பாதுகாப்பான, தவிர்க்கும், இருமனப் பிணைப்பு வகைகள், பின்னர் மேரி மெய்னும் ஜூடித் சாலமனும் சேர்த்த ஒழுங்கற்ற பிணைப்பு என்று வரிசையாகச் செல்கிறது. தாயைத் தவிர வேறெவரும் அந்த இடத்தை நிரப்ப முடியாது என்ற பழைய வாசிப்பை மைக்கேல் ரட்டர் 1972இல் மறுஆய்வு செய்ததையும் விடாமல் சேர்த்திருக்கிறார்கள். தந்தையோ, பாட்டியோ, வளர்ப்புப் பெற்றோரோ நிலையாகவும் அன்போடும் இருந்தால் குழந்தைக்கு அதுவே பிடிமானம் என்பது குழந்தை நலப் பணியில் அன்றாடம் தேவைப்படும் அறிவு.

இந்த அலகின் உண்மையான மதிப்பு, எதைச் செய்யக்கூடாது என்று சொல்லும் இடத்தில் இருக்கிறது. எய்ன்ஸ்வர்த்தின் முறை, பயிற்சி பெற்றவர்கள் வரையறுக்கப்பட்ட சூழலில் செய்யும் ஆய்வு நடைமுறை. ஒருமுறை வீட்டுக்குப் போய், குழந்தை தாயின் மடிக்கு ஓடியதா இல்லையா என்று பார்த்துவிட்டு, “ஒழுங்கற்ற பிணைப்பு” என்று அறிக்கையில் எழுதுவது எவ்வளவு ஆபத்தானது என்பதை விரிவுரையாளர் பாதி காணொளி முழுக்கப் பேசுகிறார். அந்தச் சொல் நீதிமன்றத்தின் முன் சென்றால், குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கும் முடிவுக்கே அது காரணமாகிவிடலாம். பணியாளர் எழுத வேண்டியது தாம் கண்டதை: யார் தேற்றியபோது குழந்தை அடங்கியது, எவ்வளவு நேரத்தில், அந்நியரிடம் எப்படி நடந்துகொண்டது, அன்று குழந்தை பசியோடோ காய்ச்சலோடோ இருந்ததா. ஒப்படைப்பும் அதையே கேட்கிறது. ஒரு காணொளிக் காட்சியைப் பார்த்து, எந்த வகைப்பெயரையும் பயன்படுத்தாமல் விவரிக்க வேண்டும். செய்து பார்க்கும்போதுதான் அது எவ்வளவு கடினம் என்பது விளங்குகிறது.

இதையொட்டி வரும் புக்கரெஸ்ட் ஆய்வைப் பற்றிய விரிவுரை இந்தப் பாடத்தின் மிகச் சிறந்த பகுதிகளில் ஒன்று. ருமேனியாவின் தலைநகரிலுள்ள குழந்தைகள் இல்லங்களில் வாழ்ந்த 136 சிறு குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, பயிற்சியும் ஆதரவும் பெற்ற வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து, பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு அது. குடும்பங்களுக்குச் சென்ற குழந்தைகளின் அறிதிறனும் பிணைப்பும் மேம்பட்டன. சுமார் இரண்டு வயதுக்கு முன்பே சென்றவர்களிடம் அந்த மேம்பாடு கூடுதலாக இருந்தது. இல்லத்தில் ஊட்டமும் கூரையும் இருந்தும், பராமரிப்பவர்கள் வேளைக்கு வேளை மாறிக்கொண்டே இருந்ததும், ஒருவர் பல குழந்தைகளைக் கவனிக்க வேண்டியிருந்ததும் என்ன விளைவை ஏற்படுத்தின என்பதற்கு இதைவிட வலுவான சான்று கிடைப்பது அரிது. ஓர் ஆய்வுக்காகப் பாதிக் குழந்தைகளை இல்லத்திலேயே விட்டது நியாயமா என்ற அறநெறிக் கேள்வியையும் எழுப்பி, அவர்களுக்குக் குடும்பம் கிடைக்கும் வாய்ப்பு பின்னர் வந்தபோது ஆய்வாளர்கள் தடுக்கவில்லை என்பதையும் சொல்லி, முடிவை மாணவரிடமே விடுகிறார்கள். இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைக்கு இனி எதுவும் செய்வதற்கில்லை என்று யாரும் இதை வாசித்துவிடக்கூடாது என்ற எச்சரிக்கையை மட்டும் இன்னும் அழுத்தமாகச் சொல்லியிருக்கலாம்.

அடுத்த அலகு, குழந்தைப் பருவத் துன்ப அனுபவங்கள் பற்றியது. வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா ஆகியோர் 1998இல் வெளியிட்ட ஆய்வு, வன்முறை, வீட்டில் மதுப்பழக்கம் போன்ற அனுபவங்களின் எண்ணிக்கை கூடக்கூட, வயதுவந்த பின் வரும் நோய்களும் கூடுவதைக் காட்டியது. இத்தகைய அனுபவங்கள் எத்தனை என்று எண்ணி மதிப்பெண் தரும் இந்த ஆய்வின் பட்டியல் இப்போது பல அமைப்புகளில் சேர்க்கைப் படிவத்திலேயே இடம்பெற்றுவிட்டது. மக்கள்தொகை அளவில் ஆபத்தைக் கணிக்க உருவான கருவியைத் தனியொருவரின் எதிர்காலத்தைக் கணிக்கப் பயன்படுத்தக்கூடாது என்று ஆண்டாவே தம் உடனாய்வாளர்களுடன் 2020இல் எழுதியிருப்பதை இந்தப் பாடம் எடுத்துக்காட்டுகிறது. ஒரே மதிப்பெண் பெற்ற இருவரில் ஒருவர் ஒருமுறை மட்டும் அடிபட்டவராகவும், மற்றவர் ஆண்டுக்கணக்கில் அடிபட்டவராகவும் இருக்கலாம். தீவிரத்தையும் காலத்தையும் அந்த எண் சொல்லாது. அருகில் துணையாக யார் இருந்தார் என்பதையும் அது சொல்லாது.

அந்தக் கடைசி வாக்கியத்திலிருந்துதான் மீண்டெழும் திறன் பற்றிய பகுதிக்கு வழி திறக்கிறார்கள். ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் அவரது குழுவினரும் நடுவயது வரை பின்தொடர்ந்தனர். வறுமை, பிறப்புச் சிக்கல், பெற்றோரின் மனநோய் போன்ற பல சுமைகளோடு பிறந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் திறமையும் அக்கறையும் உள்ள இளைஞர்களாக வளர்ந்தனர். அவர்கள் வாழ்க்கையில் பெரும்பாலும் காணப்பட்டது, குடும்பத்துக்குள்ளோ வெளியிலோ அவர்களை விட்டு விலகாத ஒருவராவது இருந்தார் என்பது. வளரிளம் பருவத்தில் தடுமாறியவர்களிலும் பலர் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் நிலைபெற்றனர் என்ற பிற்காலக் கண்டுபிடிப்பை நான் இந்தப் பாடத்தில்தான் முதலில் கவனமாகப் படித்தேன். பதினேழு வயதுப் பையனைப் பற்றி அறிக்கை எழுதும்போது, “இவன் இப்படித்தான்” என்ற தொனி எவ்வளவு அவசரமானது என்பதற்கு அதுவே போதிய ஆதாரம்.

ஏழாவது, எட்டாவது அலகுகளே பாடத்தின் உச்சம். யூரி பிரான்ஃபென்பிரென்னர் 1979இல் விவரித்த, மனித வளர்ச்சியை அடுக்கடுக்கான சூழல்களில் வைத்துப் பார்க்கும் சூழலியல் கோட்பாட்டை, வழக்கமான ஒன்றினுள் ஒன்று அடங்கிய வட்டப் படத்தோடு முடித்துவிடாமல், ஒரே குடும்பத்தை எடுத்து இரண்டு அலகுகள் முழுவதும் பேசுகிறார்கள். பள்ளிக்குப் போகாமல் நின்றுவிட்ட பதினான்கு வயதுச் சிறுவன், அண்மையில் வேலை இழந்த தாய், மறதி நோயின் தொடக்கத்தில் இருக்கும் பாட்டி: இது பாடத்துக்காகக் கற்பனையாக அமைக்கப்பட்ட குடும்பம். சிறுவனின் பள்ளி வருகை என்ற ஒரே பிரச்சினையோடு கோப்பு திறக்கப்படுகிறது. வீடும் பள்ளியும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றனவா, சிறுவன் ஒருநாளும் கால் வைக்காத தாயின் பணியிடம் அவன் நாளை எப்படி மாற்றியது, முதியோர் பராமரிப்புக்கு அரசு எதைத் தருகிறது, எதைத் தருவதில்லை என்று ஒவ்வோர் அடுக்காகக் கேட்டுக்கொண்டு போகும்போது, பகலில் பாட்டியைத் தனியே விட முடியாததால் சிறுவன் வீட்டில் தங்குகிறான் என்பது வெளிப்படுகிறது. பள்ளிக்கு அஞ்சும் பையன் என்று தொடங்கிய கோப்பு, ஊதியமில்லாப் பராமரிப்பாளனாக இருக்கும் சிறுவனின் கோப்பாக மாறுகிறது. அவனுக்கு ஆலோசனை அமர்வுகள் ஏற்பாடு செய்வதைவிடப் பாட்டிக்குப் பகல்நேரப் பராமரிப்பு ஏற்பாடு செய்வதே முதல் தலையீடு என்ற முடிவுக்கு மாணவர் தானாகவே வந்து சேர்கிறார்.

இதன் மேல் க்ளென் எல்டரின் வாழ்க்கைப் பாதைப் பார்வையைப் பொருத்துகிறார்கள். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தை அனுபவித்த இரண்டு தலைமுறைக் குழந்தைகளை அவர் ஒப்பிட்டார். அமெரிக்காவின் ஓக்லாந்தில் 1920ஐ ஒட்டிப் பிறந்தவர்கள் நெருக்கடி வந்தபோது வீட்டுப் பொறுப்புகளில் தோள்கொடுக்கும் வயதை நெருங்கியிருந்தார்கள். பெர்க்லியில் 1928ஐ ஒட்டிப் பிறந்தவர்கள் முழுக்கப் பெற்றோரைச் சார்ந்திருந்த சிறு குழந்தைகள். அதே நெருக்கடி இரண்டாம் கூட்டத்தின் சிறுவர்களைக் கூடுதலாகப் பாதித்தது. ஒரு நிகழ்வு என்ன செய்யும் என்பது அது எந்த வயதில் வந்து விழுகிறது என்பதைப் பொறுத்தது என்பதும், ஒருவரின் வாழ்க்கை மற்றவரின் வாழ்க்கையோடு பின்னியிருக்கிறது என்பதும் சமூகப் பணியின் அன்றாடத்துக்கு நேரடியாகப் பொருந்தும் இரண்டு கருத்துகள். பாடம் இதற்கென ஒரு படிவத்தைத் தருகிறது. குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் ஒரு காலக்கோடு, எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக, மேலே ஆண்டுகள். தாய் வேலை இழந்த ஆண்டில் சிறுவனுக்கு என்ன வயது, பாட்டிக்கு மறதி தொடங்கியது எப்போது என்று மேலிருந்து கீழாகப் படிக்கலாம். ஆன் ஹார்ட்மன் 1978இல் விவரித்த, குடும்பத்துக்கும் வெளியுலகுக்கும் உள்ள தொடர்புகளைக் காட்டும் சூழல் வரைபடத்தோடு இதைச் சேர்த்துப் பயன்படுத்தினால், அரை மணி நேர நேர்காணலில் கிடைத்த தகவல்களிலிருந்தே ஓரளவு முழுமையான படம் கிடைக்கிறது. எங்கள் குழுவின் வழக்குக் கலந்துரையாடல்களில் இந்தப் படிவத்தை இப்போது பயன்படுத்துகிறோம். பாடத்தில் வேறெதுவும் இல்லாமல் இது மட்டும் இருந்திருந்தாலும் பரிந்துரைத்திருப்பேன்.

வளரிளம் பருவ அலகு நன்றாகத் தொடங்கி, பாதியிலேயே ஓய்ந்துவிடுகிறது. திட்டமிடலையும் சுயக்கட்டுப்பாட்டையும் ஆளும் முன்மூளைப் பகுதிகள் இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டிருக்கின்றன என்பதைச் சொல்லி, பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வரையிலான வயதைத் தனிப் பருவமாகக் கருத வேண்டும் என்று ஜெஃப்ரி ஆர்னெட் 2000இல் முன்வைத்த வாதத்தையும் அறிமுகம் செய்கிறார்கள். காப்பகத்தில் வளர்ந்து பதினெட்டு வயதில் வெளியேறும் இளைஞருக்கு இது என்ன பொருள் தரும் என்பதுதான் இங்கே கேட்க வேண்டிய கேள்வி. பெற்றோர் வீட்டில் வளரும் இளைஞர் வெளியே போய்த் தடுமாறினால் திரும்பி வர ஓர் இடம் உண்டு. காப்பக இளைஞருக்கு அந்த இடம் ஒரு பிறந்தநாளோடு மூடப்படுகிறது. இதைப் பாடம் இரண்டே நிமிடங்களில் கடந்துவிடுகிறது. மூளை முதிரவில்லை என்ற வாதம் வளரிளம் பருவத்தினரின் பேச்சைக் காதில் வாங்காமல் இருக்கவும் பயன்பட்டுவிடும் என்பதையும் சேர்த்துப் பேசியிருக்க வேண்டும். 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, தம்மைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையையும் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அக்கருத்து மதிக்கப்படும் உரிமையையும் பன்னிரண்டாவது பிரிவில் வழங்குகிறது. வளர்ச்சி அறிவும் உரிமைச் சட்டமும் உரசிக்கொள்ளும் இந்த இடத்தில்தான் பணியாளருக்கு வழிகாட்டல் தேவை.

நடுவயது அலகைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. டேனியல் லெவின்சன் நாற்பது ஆண்களை நேர்காணல் செய்து 1978இல் வெளியிட்ட பருவ வரைவைச் சுற்றியே அது ஓடுகிறது. நம்மிடம் வருபவர்களில் மிகப் பலர், ஒரு பக்கம் குழந்தைகளையும் மறுபக்கம் பெற்றோரையும் தாங்கிக்கொண்டிருக்கும் நடுவயதுப் பெண்கள் என்பதை இந்த அலகைத் தயாரித்தவர் மறந்துவிட்டார் போலும்.

முதுமை அலகு அந்த ஏமாற்றத்தைப் பெருமளவு ஈடுசெய்கிறது. வளர்ச்சி என்பது எந்த வயதிலும் பெறுவதும் இழப்பதும் கலந்த நிகழ்வு என்ற பால் பால்டஸின் பார்வையோடு அது தொடங்குகிறது. அவரும் மார்கரெட் பால்டஸும் முன்வைத்த தேர்வு, மேம்படுத்தல், ஈடுசெய்தல் என்ற மூன்று உத்திகளைப் பியானோ மேதை ஆர்தர் ரூபின்ஸ்டைனின் எடுத்துக்காட்டால் விளக்குகிறார்கள். முதிய வயதில் அவர் குறைவான இசைப்படைப்புகளையே வாசித்தார், அவற்றைக் கூடுதலாகப் பயிற்சி செய்தார், வேகமான பகுதிக்கு முன்னால் சற்று மெதுவாக வாசித்து வேகம் குறைந்ததை மறைத்தார். முதியவரின் வீட்டு மதிப்பீட்டில் இதையே மூன்று கேள்விகளாக்கச் சொல்கிறது ஒப்படைப்பு: எதை அவர் விட்டுக்கொடுத்தார், எதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார், எதற்கு மாற்று வழி கண்டுபிடித்திருக்கிறார்? எவற்றைத் தாமே செய்துகொள்கிறார், எவற்றைச் செய்துகொள்ள முடியவில்லை என்று குறியிடும் வழக்கமான படிவத்தில் வராத ஒரு மனிதர் இந்தக் கேள்விகளில் தெரிய வருகிறார். முதியவர் பழையதையே பேசுவதை மனத்தளர்ச்சியின் அறிகுறியாகப் பார்க்காமல், வாழ்வைத் திரும்பிப் பார்த்துத் தொகுத்துக்கொள்ளும் இயல்பான உழைப்பாகப் பார்க்கலாம் என்று 1963இல் ராபர்ட் பட்லர் எழுதியதும் இங்கே இடம்பெறுகிறது. நேரமில்லை என்று பேச்சை வெட்டிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகும் பணியாளர்கள் இந்த விரிவுரையைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

இழப்பும் துயரமும் பற்றிய அலகு சுருக்கமானது, ஆனால் கவனமானது. எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் எழுதிய ஐந்து நிலைகள், இறக்கும் தறுவாயில் இருந்த நோயாளிகளுடன் நடத்திய உரையாடல்களிலிருந்து வந்தவை. உறவை இழந்தவர்கள் வரிசையாகக் கடந்தாக வேண்டிய படிகளாகப் பின்னர் அவை பரவிவிட்டன. இதைத் திருத்திவிட்டு, மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷூட்டும் 1999இல் முன்வைத்த இருவழி மாதிரியைப் பாடம் விளக்குகிறது. துயரத்தில் மூழ்குவதற்கும், கட்டணம் செலுத்துவது, புதிய பொறுப்பைக் கற்றுக்கொள்வது போன்ற வாழ்க்கைச் சீரமைப்புக்கும் இடையே மனிதர் ஊசலாடுவது இயல்பு என்பது அதன் சாரம். கணவரை இழந்த பெண் அடுத்த வாரமே ஓய்வூதியத் தாள்களைத் தேடுவதைக் கண்டு, “இன்னும் மறுப்பு நிலையில் இருக்கிறார்” என்று குறிப்பெழுதும் அபத்தம் இதனால் தவிர்க்கப்படும்.

பாடம் முழுவதற்கும் பொருந்தும் ஒரு குறை உண்டு. உளவியல் ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 96 விழுக்காட்டினர், உலக மக்கள்தொகையில் 12 விழுக்காடு மட்டுமே வாழும் மேற்கத்தியத் தொழில்வள நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று ஜோசஃப் ஹென்ரிக்கும் உடனாய்வாளர்களும் 2010இல் சுட்டிக்காட்டியதைப் பாடம் கடைசி அலகில் சொல்கிறது. சொன்னால் மட்டும் போதாது. பதின்ம வயதில் பெற்றோரிடமிருந்து விலகித் தனித்த அடையாளத்தைத் தேடுவதே இயல்பான வளர்ச்சி என்று நான்காவது அலகில் ஐயமின்றிச் சொல்லிவிட்டு, கடைசி அலகில் இந்த எண்களை ஒட்டவைப்பது, அடிக்குறிப்பைத் தலைப்புக்குக் கீழே போடாமல் நூலின் பின்னட்டையில் போட்டதைப் போல இருக்கிறது. கூட்டாக வாழும் குடும்பங்களில், உடன்பிறந்தவர்களே சிறு குழந்தைகளை வளர்க்கும் இடங்களில், வேலை செய்யும் குழந்தைகள் நடுவில் இந்தக் கோட்பாடுகளை எப்படித் தளர்த்திப் பொருத்துவது என்பதற்கு ஓர் ஒப்படைப்பாவது இருந்திருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளின் வளர்ச்சிப் பாதை பற்றியும் தனி அலகு இல்லை. ஆங்காங்கே சில வரிகளோடு சரி.

சேவை என்ற அளவில் சொல்ல வேண்டியவை சில. காணொளிகள் குறுகியவை, ஒலி தெளிவாக இருக்கிறது, கைப்பேசியில் தடையின்றி ஓடுகின்றன. வசன வரிகள் தானியங்கி முறையில் உருவாக்கப்பட்டவை என்பதால் ஆய்வாளர்களின் பெயர்கள் பல இடங்களில் சிதைந்து வருகின்றன. செவித்திறன் குறைந்தவர்கள் வாசிப்புப் பகுதியை அருகில் திறந்துவைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது. ஒப்படைப்புகளைத் திருத்தும் பயிற்றுநர்களின் தரம் சீராக இல்லை. பிணைப்பு அலகில் எனக்குக் கிடைத்த பின்னூட்டம் வரிக்கு வரி எழுதப்பட்டிருந்தது. நான் கவனித்ததும் ஊகித்ததும் எங்கே கலந்துவிட்டன என்பதைச் சுட்டியது. முதுமை அலகில் கிடைத்ததோ, யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பக்கூடிய இரண்டு பாராட்டு வரிகள், அதுவும் மிகத் தாமதமாக. திருத்துபவரைத் தேர்ந்தெடுக்கவோ மாற்றிக் கேட்கவோ வழியில்லை. சான்றிதழ் தருகிறார்கள், அதைத் தொடர்கல்வி மணிநேரமாக ஏற்பது அவரவர் தொழில்முறை மன்றத்தைப் பொறுத்தது, ஆகவே பதிவு செய்வதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சமூகப் பணியில் பட்டப்படிப்பை முடித்துவிட்டுக் களத்தில் சில காலம் உழைத்தவர்களுக்கு இந்தப் பாடம் நன்றாகப் பொருந்தும். அவர்கள் முதல் நான்கு அலகுகளில் மைல்கல் பகுதியையும் கோல்பெர்க் பகுதியையும் மட்டும் பார்த்துவிட்டு நேரே ஐந்தாவதுக்குப் போய்விடலாம், அலகுகள் பூட்டப்படவில்லை. புதிதாகப் படிப்பவர்கள் ஒரு மேற்பார்வையாளரோடோ சக மாணவர்களோடோ சேர்ந்து படித்தால்தான் அட்டவணைகளின் பிடியிலிருந்து தப்ப முடியும். குழந்தைகளோடு மட்டும் பணிபுரிகிறோம் என்பதற்காக முதுமை அலகைத் தவிர்ப்பவர்கள் ஏழாவது அலகின் குடும்பத்தை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும். அங்கே சிறுவனின் பிரச்சினைக்கு விடை பாட்டியிடம் இருந்தது.

இறுதி மதிப்பீட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தங்கள் பணியில் சந்தித்த ஒருவரின் வாழ்க்கையை எடுத்து, காலக்கோட்டையும் சூழல் வரைபடத்தையும் வரைந்து, மூன்று கோட்பாடுகளின் வழியே விவாதித்துச் சமர்ப்பிக்கச் சொல்கிறார்கள். பெயரை மாற்றிவிடுங்கள் என்ற ஒரே வரியைத் தவிர மந்தணம் பற்றி வேறு வழிகாட்டல் கிடையாது. ஆனால் ஒரு காலக்கோட்டில் பிறந்த ஆண்டு, இடமாற்றங்கள், மருத்துவமனை நாள்கள், உடன்பிறந்தோரின் எண்ணிக்கை எல்லாம் சேர்ந்து நிற்கும்போது, பெயர் இல்லாமலே ஆளை அடையாளம் கண்டுவிடலாம்; சமர்ப்பித்த கோப்பு எவ்வளவு காலம் யாருடைய கணினியில் இருக்கும் என்பதும் சொல்லப்படவில்லை. சம்பந்தப்பட்டவரின் ஒப்புதலும் பணிபுரியும் அமைப்பின் எழுத்துவழி அனுமதியும் இல்லாமல் உண்மையான கோப்பைப் பயன்படுத்த வேண்டாம். பாடத்தோடு வரும் கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொண்டு எழுதவும் விதிகள் இடம் தருகின்றன. நான் அதைத்தான் செய்தேன், மதிப்பெண்ணில் அதற்காகக் குறைவேதும் வைக்கவில்லை.